கோடை விருந்துக்குப் பழ ஸ்லஷ்: வீட்டு மிக்ஸி போதுமா?

சித்திரை வெயிலில் வீட்டுக்கு இருபது பேர் வருகிறார்கள் என்றால் முதல் கவலை சாப்பாடு இல்லை, குளிர்ச்சியாக என்ன கொடுப்பது என்பதுதான். பாட்டில் குளிர்பானம் சுலபம். ஆனால் மாம்பழமும் தர்பூசணியும் மலிந்து கிடக்கும் காலத்தில் நிறமும் வாசனையும் சேர்த்த சர்க்கரைத் தண்ணீரை விருந்தாளிக்கு நீட்ட மனம் வருவதில்லை. நிஜப் பழத்தில், ஸ்பூனால் அள்ளவும் ஸ்ட்ராவால் உறிஞ்சவும் தோதான பதத்தில் ஒரு ஸ்லஷ் கொடுத்தால் குழந்தைகள் முதல் தாத்தா பாட்டி வரை எல்லாரும் இரண்டாவது டம்ளர் கேட்பார்கள்.

நிஞ்சா நிறுவனம் 2024-ல் ‘ஸ்லஷி’ என்ற வீட்டு இயந்திரத்தை அமெரிக்காவில் கொண்டுவந்ததிலிருந்து, “இதை வாங்கலாமா?” என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் முன் இன்னொரு கேள்விக்கு விடை தேட விரும்பினேன். சட்னிக்கும் மசாலாவுக்கும் நாம் தினமும் ஓட்டும் மிக்ஸி இந்த வேலைக்கு எவ்வளவு தூரம் வரும்? தமிழக அரசின் விலையில்லா மிக்ஸித் திட்டம் 2011-ல் தொடங்கிய பிறகு மிக்ஸி இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கையில் இருக்கும் கருவியைப் பற்றிய விமர்சனம்தான் அதிகம் பேருக்குப் பயன்படும்.

என்ன மிக்ஸி, எப்படிச் சோதித்தேன்

எடுத்துக்கொண்டது 750 வாட் மிக்ஸி. ஒன்றரை லிட்டர் ஜூஸ் ஜார், ஒரு லிட்டர் அரைக்கும் ஜார், சின்னச் சட்னி ஜார் என மூன்றும் எவர்சில்வர். நடுத்தர விலையில் எந்தக் கடையிலும் கிடைக்கும் அமைப்பு இதுதான். பங்கனப்பள்ளி மாம்பழம், தர்பூசணி, கம்பம் பன்னீர் திராட்சை, அன்னாசி ஆகிய நான்கு பழங்களை இரண்டு வழியில் செய்து பார்த்தேன். ஒன்று, பழச்சாற்றோடு ஐஸ் கட்டி போட்டு அடிப்பது. மற்றொன்று, பழத்தையே உறையவைத்து உடைப்பது. கவனித்தவை நான்கு: பதம், சுவை, மோட்டாரின் சூடு, பத்து நிமிடம் கழித்து டம்ளரில் எது மிஞ்சுகிறது என்பது.

ஐஸ் போட்டு அடித்தால்

ஐஸ் வழி தோற்றது. இதற்கு மிக்ஸியைக் குறை சொல்ல முடியாது. ஒரு கிராம் ஐஸ் உருக சுமார் 80 கலோரி வெப்பம் தேவை. 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் சாற்றை 0 டிகிரிக்கு இறக்க, ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸில் ஏறக்குறைய 340 கிராம் உருகித் தீர வேண்டும். அதாவது சாற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர் கலந்த பிறகுதான் ஸ்லஷ் என்ற பேச்சே தொடங்குகிறது. டம்ளரில் மேலே மணல்போல ஐஸ் மிதக்க, அடியில் நீர்த்த சாறு தங்குகிறது. ஸ்ட்ராவால் உறிஞ்சினால் சாறு மட்டும் வந்துவிட்டு, சப்பென்ற ஐஸ் மிஞ்சுகிறது.

அதே சாற்றை ஃப்ரிட்ஜில் 5 டிகிரிக்குக் குளிரவைத்து எடுத்தால் உருக வேண்டிய ஐஸ் 60 கிராமுக்குள் அடங்கிவிடும். ஐஸ்தான் போட வேண்டும் என்ற நிலையில்கூட, சாறு, தண்ணீர், ஜார் மூன்றையும் முன்கூட்டியே குளிரவைப்பது பாதி வெற்றி. எவர்சில்வர் வெப்பத்தைச் சட்டென்று கடத்தும் என்பதால் ஜாரையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பழத்தையே உறையவைத்தால்

இங்கேதான் மிக்ஸி என்னை மகிழவைத்தது. பழத்தை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, முந்தைய இரவே ஃப்ரீசரில் வைத்துவிட வேண்டும். உறைந்தபின் பையில் கொட்டிக் கட்டிவிடலாம். குவித்து வைத்தால் ஒரே பாறையாகிவிடும். மெதுவாக உறைவதால் பனிப்படிகங்களும் பெரிதாகும்.

அரைக்கும்போது குளிர்ந்த தண்ணீர் முதலில், உறைந்த துண்டுகள் பிறகு. அப்போதுதான் பிளேடு சுழல ஆரம்பிக்கும் இடத்தில் திரவம் இருக்கும், துண்டுகள் தானாக உள்ளே இழுபடும். துண்டுகளை மட்டும் போட்டால் பிளேடு அடியில் ஒரு குழி பறித்துக்கொண்டு வெறுமனே சுற்றும், மேலே இருப்பது அசையாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு போடாமல் ஐந்து நிமிடம் வெளியே வைத்திருந்தால் துண்டின் விளிம்பு இளகி, மோட்டாரின் பாரம் நன்றாகக் குறைகிறது. ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நாபை இடது பக்கம் திருப்பி விட்டுவிட்டு ஓட்டி உடைத்துக்கொண்டு, பதம் சேர்ந்த பிறகு சில நொடிகள் மட்டும் தொடர்ந்து ஓட்டினால் போதும். தொடர்ந்து ஓட்டிக்கொண்டே இருந்தால் பிளேடின் உராய்வே ஸ்லஷை உருக்கிவிடும்.

மாம்பழத்தில் கிடைத்த பதம் கடையில் வாங்குவதைவிட மேலானது. பங்கனப்பள்ளியில் நார் இல்லாததால் பிளேடில் எதுவும் சுற்றவில்லை. சதைப்பற்று தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்வதால் டம்ளரில் சாறும் பனியும் பிரிவதும் தாமதமானது. தர்பூசணி பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் நான்கில் கடினமாக உறைவது இதுதான். விதையை எடுத்துவிட்டுத்தான் உறையவைக்க வேண்டும். பன்னீர் திராட்சையின் விதை அரைபட்டால் கசக்கும். அதனால் கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து, மசித்து, வடிகட்டி, அந்தச் சாற்றை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவைத்தேன். நிறத்துக்கும் மணத்துக்கும் நான்கில் முதலிடம் இதற்கே. அன்னாசி நன்றாக உடைபட்டாலும் நார் தங்குகிறது. அதில் பால் மட்டும் சேர்க்காதீர்கள். அன்னாசியில் உள்ள புரோமலின் என்ற நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பாக்கும். உறையவைத்தாலும் அந்த நொதி சாவதில்லை.

சர்க்கரைக் கணக்கு

ஸ்லஷின் பதத்தை முடிவு செய்வது மோட்டாரைவிடச் சர்க்கரைதான். வெறும் தண்ணீர் 0 டிகிரியில் முழுக்கக் கட்டியாகும். சர்க்கரை கரைந்த தண்ணீர் அதற்குக் கீழேதான் உறையத் தொடங்கும், அதுவும் ஒரேயடியாக உறையாது. ஒரு பகுதி பனியாக, மீதி இன்னும் இனிப்பான திரவமாக நிற்கும். அந்த இரண்டும் கலந்த நிலைக்குத்தான் ஸ்லஷ் என்று பெயர். மொத்த எடையில் 12 முதல் 15 சதவீதம் சர்க்கரை இருந்தால் பதம் சரியாக நிற்கிறது. குறைந்தால் கரகரவென்ற ஐஸ், கூடினால் உறையாத பாகு.

நல்ல மாம்பழத்தில் 15 சதவீதத்துக்கும் மேல் இனிப்பு உண்டு, தர்பூசணியில் 8 முதல் 10 வரைதான். அதனால் இரண்டுக்கும் ஒரே அளவு பொருந்தாது. எனக்கு நன்றாக அமைந்த அளவுகள் இவை:

மாம்பழம்: உறைந்த துண்டு 500 கிராம், குளிர்ந்த தண்ணீர் 200 மில்லி, சர்க்கரை 2 மேசைக்கரண்டி, அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு.

தர்பூசணி: உறைந்த துண்டு 500 கிராம், குளிர்ந்த தண்ணீர் 100 மில்லி, நன்னாரி சர்பத் 60 மில்லி, ஒரு எலுமிச்சைச் சாறு.

நன்னாரி சர்பத்தில் சர்க்கரை ஏற்கெனவே அடர்த்தியாக இருப்பதால் தர்பூசணிக்குக் குறைவதை அது சரியாக ஈடுகட்டுகிறது, மணம் உபரி. அளவு தெரியாத பழத்துக்கு ஒரு வழி உண்டு. சாதாரணச் சூட்டில் சுவைக்கும்போது கொஞ்சம் திகட்டுவதுபோல் இருக்க வேண்டும். குளிரில் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும் என்பதால் உறைந்தபின் அது சரியாகிவிடும்.

மோட்டார் தாங்குகிறதா?

தாங்குகிறது, ஆனால் நிபந்தனையோடு. மிக்ஸி மோட்டார் பாரம் ஏறினால் வேகம் குறைந்து அதிக மின்சாரத்தை இழுக்கும். அதைக் குளிரவைக்கும் விசிறியும் அதே தண்டில்தான் சுழல்கிறது. அதாவது மோட்டார் திணறும்போது சூடு கூடுகிறது, காற்று குறைகிறது. உறைந்த துண்டு பிளேடில் சிக்கி ஓட்டம் நின்றுபோனால் சில நொடிகளிலேயே சுருள் கருகும் அளவுக்குச் சூடேறலாம். உறுமல் சத்தம் கேட்டால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். அடிப்பக்கம் இருக்கும் சிவப்பு ஓவர்லோட் பட்டன் வெளியே வந்து தானாக நின்றால் அது பழுது இல்லை, பாதுகாப்பு. ஜாரைக் காலி செய்து, ஆறவிட்டு, பட்டனை அழுத்தினால் மறுபடி ஓடும்.

சோதனையில் மோட்டாரைவிட எனக்குக் கவலை தந்தது கப்ளர். ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் பல்சக்கரம்தான் பெரிய துண்டுகளின் அடியை முதலில் வாங்குகிறது. ஒரு கப்ளர் தேய்ந்தால் மாற்றுவது மலிவு, ஆனால் விருந்து நாளில் தேய்ந்தால் கடைக்கு ஓட வேண்டும். துண்டைச் சின்னதாக நறுக்குவதே இதற்கு மருந்து. 500 வாட் மிக்ஸி வைத்திருப்பவர்கள் ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

சத்தத்தை மறைக்க முடியாது. கூடத்தில் பேச்சு நடக்கும்போது அடுக்களையில் இதை ஓட்டினால் பேச்சு நிற்கும். விருந்தாளிகள் வரும் முன்பே அரைத்துவிடுவதுதான் வழி.

இருபது பேருக்கு எப்படி?

ஆளுக்கு 200 மில்லி என்றால் 4 லிட்டர் வேண்டும். ஒரு ஜாருக்கு 700 மில்லி வீதம் ஆறு தடவை அரைக்க வேண்டியிருக்கும். தடவைக்குத் தடவை இரண்டு மூன்று நிமிடம் மோட்டாரை ஆறவிட்டாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அரைத்ததை உடனுக்குடன் அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் கொட்டி மூடி ஃப்ரீசரில் வைத்தால் ஒரு மணி நேரம் வரை கரண்டியால் கிளறியே பரிமாறலாம். அதற்கு மேல் இறுகினால் மறுபடி ஒரு சுற்று உடைத்தால் போதும். வெளியே எடுத்தபின் ஐஸ் பாக்ஸில் வைத்துப் பரிமாறுங்கள், டம்ளர்களையும் குளிரவையுங்கள்.

ஸ்லஷ் இயந்திரம் எங்கே ஜெயிக்கிறது?

வீட்டு ஸ்லஷ் இயந்திரத்துக்குள் ஒரு சின்ன ஃப்ரிட்ஜே இருக்கிறது. கம்ப்ரசர் குளிரவைக்கும் உருளையின் மேல் சாறு பனியாகப் படியப் படிய, திருகுபோன்ற ஒரு துடுப்பு அதைச் சுரண்டிக்கொண்டே கலக்கும். அதனால் படிகங்கள் பொடியாகவும் ஒரே சீராகவும் அமைகின்றன, மணிக்கணக்கில் அதே பதத்தில் நிற்கின்றன. மிக்ஸியால் இந்தச் சீர்மையைத் தொட முடியாது. 1971-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் மரியானோ மார்ட்டினெஸ் என்ற உணவக உரிமையாளர் பழைய சாஃப்ட் ஐஸ்கிரீம் இயந்திரத்தை மாற்றி உறைபான இயந்திரம் அமைத்ததும் இந்தச் சிக்கலால்தான். கூட்டம் சேர்ந்தபோது பிளெண்டரில் அடித்த பானம் டம்ளருக்கு டம்ளர் மாறியது. அவருடைய இயந்திரம் இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆனால் நம் வீட்டுக்கு வாங்கும் முன் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். இதில் பழத்துண்டு போட முடியாது, சாறுதான் ஊற்ற வேண்டும். ஆகவே மாம்பழத்தை முதலில் மிக்ஸியில்தான் அடிக்க வேண்டும். நிஞ்சா ஸ்லஷியின் கொள்ளளவு 88 அவுன்ஸ், அதாவது சுமார் 2.6 லிட்டர். இருபது பேருக்கு இரண்டு முறை நிரப்ப வேண்டும், ஒவ்வொரு முறையும் பானத்தைப் பொறுத்து கால் மணி முதல் ஒரு மணி வரை காத்திருக்க வேண்டும். வெக்கையான அடுக்களையில் கம்ப்ரசருக்கு வேலை இன்னும் கூடும். மின்வெட்டு வந்தால் உருகத் தொடங்கிவிடும். அமெரிக்காவிலிருந்து உறவினர் மூலம் வரவழைப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது மின்சாரம். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. கம்ப்ரசருக்கு இரண்டும் முக்கியம்.

சர்க்கரையே இல்லாத ஸ்லஷ் வேண்டும் என்று இதை வாங்குபவர்களும் ஏமாறுவார்கள். இனிப்பு குறைந்தால் சாறு உருளையில் கட்டியாக இறுகிவிடும். வெளிநாட்டுக் கடைகளில் இதற்காகக் கிளிசரால் சேர்க்கிறார்கள். 7 வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்குக் கிளிசரால் கலந்த ஸ்லஷ் கொடுக்க வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத் தர முகமை 2025-ல் அறிவுறுத்தியது. பழத்தின் சொந்தச் சர்க்கரையில் செய்யும்போது அந்தப் பொருளுக்கே வேலை இல்லை.

தீர்ப்பு

பிடித்தவை: பழத்தின் முழுச் சுவை, கூடுதல் செலவு இல்லை, வேண்டிய அளவு மட்டும் செய்யலாம், கழுவ ஒரே ஒரு ஜார்.

பிடிக்காதவை: சத்தம், முதல் நாள் இரவே தயாராக வேண்டிய கட்டாயம், ஒரு மணி நேரத்துக்கு மேல் பதம் நிற்காதது, கப்ளரின் தேய்மானம்.

வாரம் தவறாமல் கூட்டம் கூடும் வீடு, ஜூஸ் கடை, சின்ன அளவில் கேட்டரிங் செய்பவர்கள் ஸ்லஷ் இயந்திரத்தை யோசிக்கலாம். இந்தியாவில் சர்வீஸ் இருக்கும் 230 வோல்ட் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். கோடையில் இரண்டு மூன்று விருந்து நடக்கும் வீட்டுக்கு 750 வாட் மிக்ஸி தாராளமாகப் போதும். உறையவைக்கும் பொறுப்பை ஃப்ரீசரிடம் கொடுத்துவிட்டு, உடைக்கும் வேலையை மட்டும் மிக்ஸியிடம் கேளுங்கள். இயந்திரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு கூடை நல்ல பங்கனப்பள்ளியும் ஒரு மாற்றுக் கப்ளரும் வாங்கிவையுங்கள். டம்ளரில் தெரியப்போகும் வித்தியாசம் அந்தப் பழத்திலிருந்துதான் வரும்.