வானிலைப் பயிற்சிக்கூடமும் மலாக்கா வானமும்

பல்கலைக்கழகத்தில் முதலாண்டு சேரும் மாணவருக்கு வானிலையையும் சீதோஷ்ண நிலையையும் ஏட்டுக் கல்வியாக மட்டும் புகட்டாமல், கருவிகளைக் கையிலெடுத்து அளக்கவும், அளந்ததைப் படமாக வரையவும், வரைந்ததிலிருந்து ஒரு முடிவுக்கு வரவும் பழக்குகின்ற ஆய்வுக்கூடப் பாடம் இன்று பல தேசங்களில் ஏறக்குறைய ஒரே அமைப்பில் நடைபெற்று வருகிறது. சூரியன் வானில் நிற்கும் கோணத்தில் தொடங்கி, உஷ்ணம், ஈரப்பதம், காற்றழுத்தம், மேகம், புயல் என்று வாரத்துக்கு ஒன்றாக நகர்ந்து, உலகத்துச் சீதோஷ்ண மண்டலங்களை வகைப்படுத்துவதில் அது நிறைவு பெறும். விஞ்ஞானத்தைத் தொழிலாகக் கொள்ளப்போகாத மாணவரும் இதைப் பயில்கின்றனர் என்பதால், ஒரு சமுதாயம் தன் தலைக்கு மேலுள்ள வானத்தை எவ்வளவு தெளிவாக அறியும் என்பது ஓரளவு இப்பாடத்தைப் பொறுத்தே அமைகிறது. ஆகையால், மலாக்கா மாநிலத்துக் குருபோங் போன்ற ஓர் ஊரின் பிள்ளைகளுக்கு இப்பாடம் எதைக் கொடுக்கிறது, எதைக் கொடாமல் விடுகிறது என்று நிதானமாக ஆராய்வது அவசியம்.

இதன் தலையாய குணம் அளவையில் சிரத்தையை வளர்ப்பது. உலர் உஷ்ணமானிக்கும் ஈர உஷ்ணமானிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு ஈரப்பதத்தைக் கணிக்கும் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டு விடியற்காலையில், உஷ்ணம் 24 பாகை செல்சியஸாக இருக்கும்போது, அந்த வித்தியாசம் அரைப் பாகையானால் ஈரப்பதம் சுமார் 96 சதவீதம். ஒரு பாகையானால் சுமார் 92 சதவீதம். கண்ணைக் கருவியின் மட்டத்துக்குத் தாழ்த்தாமல் மேலிருந்து பார்த்த ஒரு சிறு அசிரத்தை, முடிவில் எவ்வளவு பெரிய பிழையாக விரிகிறது என்பதை மாணவன் தன் கணக்கிலேயே பிரத்தியட்சமாகக் காண்கிறான். உஷ்ணமானிகளை உள்ளே வைக்கும் ஸ்டீவன்சன் பெட்டிக்கு வெள்ளை வர்ணம் ஏன், காற்று நுழையும் சாய்பலகைகள் ஏன், அதைச் சிமெண்டுத் தளத்தில் வைக்காமல் புல்தரைக்கு மேல் நிறுத்துவது ஏன் என்ற கேள்விகளுக்கும் அவனே விடை காண்கிறான். செய்தியில் வரும் ஓர் எண்ணுக்குப் பின்னால் ஒரு கருவியும், ஓர் இடமும், ஒரு மனிதனின் கவனமும் நிற்கின்றன என்னும் விவேகம் இவ்வாறுதான் பிறக்கிறது.

இரண்டாவது குணம், சிதறிய எண்களிலிருந்து ஓர் ஒழுங்கைத் தேடும் பொறுமையைக் கற்பிப்பது. 1904-இல் இந்திய வானிலை இலாகாவின் தலைமைப் பொறுப்பை ஏற்ற கில்பர்ட் வாக்கர், பருவமழை எந்த ஆண்டில் பொய்க்கும் என்பதை முன்னறிய விரும்பி, தூர தேசத்து நிலையங்களின் அழுத்தக் குறிப்புகளையெல்லாம் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பசிபிக் சமுத்திரத்துக்கும் இந்து சமுத்திரத்துக்கும் இடையே அழுத்தம் ஏறியிறங்கும் ஒரு பேரூசலைக் கண்டறிந்தார். பயிற்சிக்கூடத்தில் ஐந்தாறு நிலையங்களின் எண்களை வரைபடத்தில் குறித்துக் கோடிழுக்கும் மாணவன், சிறிய அளவில் அதே மார்க்கத்தில்தான் நடக்கிறான்.

இந்தச் சிரத்தை நம்மவர்க்கு அந்நியமானதன்று. 1896-இல் டான் சே யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட நாளுக்குப் பின் மாநிலமெங்கும் பரவிய தோட்டங்களில், மழை என்பது கூலியோடு நேராகப் பிணைந்த விஷயமாயிற்று. மரப்பட்டை நனைந்துவிட்டால் பால் வெட்டுக்கோட்டில் ஓடாமல் பட்டையெங்கும் பரவி வீணாகும். கோப்பையில் விழுந்ததும் மழைநீரோடு கலந்து கெடும். ஆகவே பெரட்டில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நிற்கும் தொழிலாளிக்கு அன்றைய பிழைப்பு வானத்தின் கையில் இருந்தது. தோட்ட அலுவலகத்தில் மழைமானியைப் பார்த்து ஏட்டில் பதிவதும் ஒரு நித்திய கடமையாக இருந்தது. பல்கலைக்கழகம் புதிதாகக் கற்பிப்பதாகத் தோன்றும் இவ்வப்பியாசத்துக்கு நம் தோட்டங்களில் ஏற்கெனவே வேர் உண்டு.

இனிக் குறைகளைக் காண்போம். இப்பாடத்தின் பொதுவான கைந்நூல்கள் மத்திய அட்சரேகை நாடுகளின் வானத்தை மனத்திற்கொண்டு எழுந்தவை. நார்வே தேசத்துப் பெர்கன் நகரில் ஜேக்கப் பியர்க்னஸ் 1919-இல் வெளியிட்ட புயலமைப்பு, அதாவது வெப்பக் காற்றும் குளிர்க்காற்றும் எதிர்ப்படும் முகப்புகளைப் பற்றிய சித்தாந்தம், பாடத்தின் நடுப்பகுதியைப் பெரிதும் ஆட்கொள்கிறது. சம அழுத்தக் கோடுகளை வரைந்து அவற்றிலிருந்து காற்றின் திசையை ஊகிக்கும் பயிற்சி அதனோடு இணைந்தே வரும். பூமியின் சுழற்சியால் காற்றைத் திருப்பும் கொரியோலிஸ் விசை போதிய வலுவோடு இருக்கும் இடங்களில்தான் இந்த ஊகம் பலிக்கும். பூமத்தியரேகைக்கு வடக்கே இரண்டேகால் பாகையளவில் இருக்கும் குருபோங்கில் அவ்விசை, 40 பாகையில் இருப்பதில் சுமார் 16-இல் ஒரு பங்கே. இங்கே அழுத்தக் கோடுகளை நம்பிக் காற்றைக் கணிக்கும் மாணவன், எவ்வளவு சிரத்தையோடு வரைந்தாலும் தவறான முடிவையே அடைவான். காற்றோட்டக் கோடுகளை நேரடியாக வரையும் முறையே நம் மண்டலத்துக்கு உகந்தது.

அதே பியர்க்னஸ், தம் முதிய வயதில், 1969-இல், வாக்கர் கண்ட பேரூசலுக்கும் பசிபிக் சமுத்திரத்து நீர் வெப்பமடையும் எல் நினோவுக்கும் உள்ள சம்பந்தத்தை விளக்கினார். மலேசியாவின் வறட்சிக்கும் மழைக்கும் வியாக்கியானம் கிடைப்பது இந்தப் பிந்திய பணியில்தான். இளம் பியர்க்னஸுக்குப் பல வாரங்களை ஒதுக்கி, முதிய பியர்க்னஸை ஒரு பத்தியில் முடிக்கும் பாடத்திட்டம், நம் மாணவனுக்குத் தேவையான பாதியையே சுருக்கிவிடுகிறது.

இரண்டாவது குறை சீதோஷ்ண வகைப்பாட்டில் தெரிகிறது. கோப்பன் வகுத்த முறைப்படி, சராசரிக் கணக்கில் எந்த மாதமும் 60 மில்லிமீட்டர் மழைக்குக் குறையாத மலாக்கா, வறண்ட பருவமே இல்லாத நாடுகளின் வரிசையில் சேரும். மாணவன் அவ்வாறு எழுதினால் முழு மதிப்பெண்ணும் பெறுவான். ஆயினும் 1991-இல் குருபோங்குக்கு அண்மையிலுள்ள டுரியான் துங்கல் அணை வற்றி, மாநிலம் முழுவதும் தண்ணீருக்குத் தவித்தது. சராசரி பொய்யன்று, ஆனால் ஆண்டுக்காண்டு நேரும் ஏற்றத்தாழ்வை அது மறைத்துவிடுகிறது. இடத்துக்கிடம் உள்ள வேற்றுமையையும் இவ்வகைப்பாடு மறைப்பதுண்டு. மலாயாவின் மழையை 1959-இல் ஆராய்ந்த டபிள்யூ. எல். டேல், தீபகற்பத்தை ஐந்து மழை மண்டலங்களாகப் பிரித்து, போர்ட் டிக்சனிலிருந்து மூவார் வரையுள்ள நம் கரையைத் தனி மண்டலமாகவே காட்டினார். கோப்பனோடு டேலையும் வைத்துப் பயிற்றினால், வகைப்பாடு என்பது கேள்வியைப் பொறுத்தது என்னும் உண்மை மாணவனுக்கு விளங்கும்.

மூன்றாவது குறை, பாடத்தின் காலம் பற்றியது. தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில், சுமத்ராவிலும் மலாக்கா நீரிணையிலும் இரவில் திரளும் இடிமழை வரிசை, விடியலுக்கு முன்னோ காலையிலோ நம் கரையைத் தாக்குகிறது. ‘சுமத்ரா’ என்றே பெயர் பெற்ற இந்தப் புயற்காற்று, பால்வெட்டும் வேளையிலேயே வருவதால் தோட்டத்து மக்கள் அனுபவத்தால் நன்கறிந்தது. பத்து மணிக்குக் கூடிப் பன்னிரண்டுக்குக் கலையும் வகுப்போ இதை ஒருநாளும் காணாது. முன்னரே தயாரித்து வைத்த எண்களும் கணினிப் படங்களும் அந்த இடைவெளியை நிரப்புகின்றன. விடை தெரிந்த கணக்கையே மாணவன் மீண்டும் போடுகிறான்.

இவ்வளவு குறையிருந்தும், உலகப் பொதுவான பாடத்தையே வைத்திருக்க வேண்டும் என்று வாதிப்போர் உண்டு. அவர்கள் கூற்றில் நியாயமும் உண்டு. பிற நாட்டு வானத்தை அறியாதவன் தன் நாட்டின் விசேஷத்தையும் அறியமாட்டான். மேற்படிப்புக்கு அயல்நாடு செல்பவனுக்கு முகப்புகளின் ஞானம் தேவை. ஆனால் பொது விதியின் வலிமையும் எல்லையும் விதிவிலக்கில்தான் துலங்கும். பூமத்தியரேகையை ஒட்டி ஐந்து பாகைக்குள் சூறாவளி உருவாவது அரிது என்று நூல்கள் கூறிவந்திருக்க, 2001 டிசம்பர் கடைசி வாரத்தில் வாமேய் என்னும் சூறாவளி ஒன்றரைப் பாகைக்குள்ளேயே தோன்றி ஜொகூரைத் தாக்கியது. வலுவற்ற கொரியோலிஸ் விசையோடு அது எவ்வாறு சுழலத் தொடங்கிற்று என்று ஆராயும் ஒரு பயிற்சி, உலக விதியையும் நம் வானத்தையும் ஒருங்கே கற்பிக்கும்.

ஆகவே, இப்பாடத்தின் முறையைக் காத்து அதன் பொருளைத் திருத்துவதே தகும். உஷ்ணமானியும் மழைமானியும் கையால் வரையும் படமும் அப்படியே நிற்கட்டும். முகப்புகளுக்குத் தரும் வாரங்களில் பாதியை எல் நினோவுக்கும் சுமத்ராவுக்கும் அளிக்கலாம். பத்து பெரெண்டாம் விமான நிலையத்து வானிலை நிலையத்தின் மழைக் கணக்கை, எஞ்சியுள்ள தோட்டங்களின் மழையேடுகளோடு ஒப்பிட்டு, 1991-ஐப் போன்ற ஓராண்டு சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று மாணவரே கணிக்கலாம். தொழிற்பேட்டையும் வீடமைப்பும் பெருகிவரும் குருபோங்கில், விடியற்காலை உஷ்ணத்தை ஊருக்குள்ளும் மரங்களுக்கிடையிலும் அளந்து ஒப்பிடலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பாடத்திட்டம் வகுப்போர், தம் மாணவர் வாழும் இடத்தையே முதல் ஆய்வுப் பொருளாக ஏற்கத் துணிந்தால் போதும். அத்துணிவு பிறக்கும்வரை, இப்பாடம் நம் பிள்ளைகளுக்கு அளக்கக் கற்றுக்கொடுத்த பெருமையைப் பெறுமேயன்றி, அவர்கள் நாட்டின் மழையையும் வறட்சியையும் விளக்கிய பெருமையைப் பெறாது.