சீனக் குழந்தைகளின் விடுமுறைச் சித்திரங்களை ரசிப்பது எப்படி?

‘குழந்தை வரைந்ததா, அழகுதான்’ என்று சொல்லிவிட்டு நகர்கிறவர்களைப் பார்த்தால் ஆற்றாமையாக இருக்கிறது. சீனாவில் 1999 முதல் அக்டோபர் 1 தேசிய தினத்தையொட்டி ‘பொன் வாரம்’ என்ற நீண்ட விடுமுறை உண்டு. நாடே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பும். பெய்ஜிங் அருகே பாதாலிங் பெருஞ்சுவரில் கால்வைக்க இடமிருக்காது. அந்த நெரிசலில் பெரியவர்களின் இடுப்புயரத்தில் நடந்த ஐந்து வயதுப் பிள்ளை அதை எப்படி வரைகிறது என்று பார்ப்பதைவிடச் சுவையான வேலை உண்டா? அரிச்சுவடி சுருக்கமானது: நிறத்தை விடுங்கள், ஆட்களை எண்ணுங்கள். 2015 வரை நீடித்த ஒற்றைக் குழந்தைக் கொள்கையால் நகரத்துப் பெற்றோர் பலர் உடன்பிறப்பில்லாதவர்கள். அப்பா, அம்மா, இருபக்கத்துத் தாத்தா பாட்டி என ஆறு பெரியவர்களுக்கு நடுவே ஒரே குழந்தை நின்றால், அது அந்த வீட்டின் சரியான கணக்கு.

இனிதான் முக்கியமான இடம். கண்டதை வரைவது வேறு, அறிந்ததை வரைவது வேறு. பிரெஞ்சு அறிஞர் லூக்கே 1927-இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கினார். அதிவேக ரயிலை வெளியிலிருந்து வரையும் பிள்ளை, உள்ளே உட்கார்ந்திருக்கும் குடும்பத்தையும், மூடிய பெட்டிக்குள் இருக்கும் நீச்சலுடையையும் சேர்த்தே வரைந்துவிடும். குளத்தை மேலிருந்தும் அதில் நிற்கும் அப்பாவைப் பக்கவாட்டிலும் ஒரே தாளில் காட்டும். பிழையென்று திருத்த வராதீர்கள். ஓரிடத்தில் நின்றால் தெரியாதவற்றையும் விட்டுவிட மறுக்கும் முழுமை அது, கேமராவுக்கு எட்டாதது. எட்டு, ஒன்பது வயதில் கண்ணுக்குத் தெரிவதே சரி என்ற எண்ணம் வலுத்து, சுவர் பிரம்மாண்டமாகும், பாட்டி புள்ளியாவாள். போட்டிப் பரிசுக்காகத் தூரக்காட்சி விதிகளை ஐந்து வயதிலேயே திணிக்கும் ஓவிய வகுப்புகள் செய்வது கொடுமை.

பள்ளியில் பழகிய எளிய கோட்டுப்படங்களை, மூலையில் சூரியன், இரண்டு மேகம் என்று, திருப்பி வரைவதில் சொந்தச் சரக்கு என்ன என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சூரியன் கடன்தான். ஆனால் அதன் கீழே யார் கையை யார் பிடித்திருக்கிறார், யார் விடுபட்டார் என்பதை எந்த வகுப்பும் கற்றுத்தருவதில்லை. அதற்காக, அப்பா சிறுத்திருந்தால் பாசக்குறை என்று தீர்ப்பெழுதும் அரைகுறை உளவியலையும் நம்பாதீர்கள். தாளில் இடம் தீர்ந்தாலும் அப்பா சிறுப்பார். உங்களிடம் மனம்விட்டுச் சொல்கிறேன், சுற்றுலாத்தலத்தைத் தேடவே தேடாதீர்கள். வேலைநாளில் அகப்படாத அப்பாவும் அம்மாவும் பகல் முழுக்கப் பக்கத்தில் இருந்ததே அந்த வயதுக்குப் பயணம். பெருஞ்சுவர் முழங்கால் உயரத்தில் நிற்க, ஆட்கள் தாளை அடைத்துக்கொண்டிருப்பது அதனால்தான்.