பர்மாவில் பாப்டிஸ்ட் சபையார்: எழுத்துப் பணியும் அதன் விளைவும்

சமயம் பரப்பச் சென்றோர் தாம் கருதியது கைகூடாமல், கருதாத ஒன்றைச் செய்து முடிப்பது வரலாற்றில் புதிதன்று. இன்று மியன்மார் என வழங்கும் பர்மாவில் அமெரிக்க பாப்டிஸ்ட் சபையார் ஆற்றிய பணி இதற்குத் தக்க சான்றாகும். அப்பணியைத் தெய்வத் தொண்டு என்று புகழ்வாரும் உளர். நாட்டைப் பிளந்த சூழ்ச்சி என்று இகழ்வாரும் உளர். இவ்விரு கூற்றும் முழு உண்மையாகா.

1813-ஆம் ஆண்டில் ரங்கூனில் வந்திறங்கிய அடோனிராம் ஜட்சன், பர்மியரை மதம் மாற்றவே வந்தார். பௌத்தத்தில் ஊறிய அம்மக்களிடையே முதல் ஞானஸ்நானம் கொடுக்க அவருக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. 1824-இல் ஆங்கிலேயருடன் போர் மூண்டபோது பர்மிய அரசு அவரைச் சிறையிலும் அடைத்தது. ஆனால், சமயத்தில் பெறாத வெற்றியை அவர் மொழியில் பெற்றார். பாலி மொழி கற்று, 1834-இல் விவிலிய மொழிபெயர்ப்பை முடித்துத் திருத்தி 1840-இல் வெளியிட்டார். கடவுளைக் குறிக்க அயற்சொல் நாடவில்லை. புத்தருக்கும் அவர்தம் கோயிலுக்கும் பர்மியர் வழங்கும் 'பயா' என்னும் சொல்லையே, 'என்றுமுள்ள' என்ற பொருள்தரும் அடையோடு ஆண்டார். பர்மியரின் சொல் அவர் வசப்பட்டது. பர்மியரின் உள்ளம் வசப்படவில்லை. அவர் தொகுத்த அகராதியோ, அவர் 1850-இல் மறைந்த பின்னும் பல பதிப்புக் கண்டு, அவர் சமயத்தை ஏற்காதாரும் எடுத்தாளும் நூலாயிற்று.

சபை வேரூன்றியது கரேன் மக்களிடையேதான். 1828-இல் கோ தா பியூ என்னும் கரேனியர் ஞானஸ்நானம் பெற்றார். அடுத்த சில ஆண்டுகளில் ஜோனதன் வேட் என்னும் பாதிரியார், பர்மிய எழுத்தை அடியொற்றி ஸ்கா கரேன் மொழிக்கு எழுத்து வகுத்தார். 1842-இல் அம்மொழியில் 'விடிவெள்ளி' என்று பொருள்படும் பெயருடன் மாத இதழும் தோன்றியது. பின்னர் ஓலா ஹான்சன் கச்சின் மொழிக்கு ரோமன் எழுத்தை அமைத்தார்.

எழுத்தில் இத்துணை முனைப்பு எதனால்? தானே அறிந்து நம்பியவனுக்கே ஞானஸ்நானம் என்பது பாப்டிஸ்ட் கொள்கை. தானே அறிய வேண்டுமாயின், மறைநூலைத் தானே படிக்க வேண்டும். ஆகவே சபை சென்ற ஊரெல்லாம் பள்ளியும் சென்றது. ஒவ்வோர் ஊர்ச் சபையும் தன்னைத் தானே ஆளும் என்பது மற்றொரு கொள்கை. இதனால் கூட்டம் கூடவும், கணக்கு வைக்கவும், தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் மலைவாழ் மக்கள் பழகினர். சிதறிக் கிடந்த கரேனியர் தம்மை ஓரினமாக எண்ணி, 1881-இல் கரேன் தேசியச் சங்கம் கண்டதற்கு இப்பயிற்சியே வித்திட்டது.

குறையும் இங்கேதான் தொடங்குகிறது. கரேனியரிற் பெரும்பாலோர் பௌத்தர். எழுத்தும் கல்வியும் பெற்று முன்னணிக்கு வந்தோரோ பெரிதும் கிறித்துவர். 1949-இல் ஆயுதம் ஏந்திய கரேன் தேசிய யூனியனிலும் இந்நிலையே நீடித்தது. 1994-ஆம் ஆண்டு இறுதியில் பௌத்தப் போர்வீரர்கள் மனக்கசப்புற்றுப் பிரிந்தனர். மறு மாதமே அவ்வியக்கத்தின் தலைமையிடமான மானர்ப்ளா அரசுப் படையிடம் வீழ்ந்தது. ஓரினத்தைத் திரட்டிய சபையால் அவ்வினம் முழுவதையும் தழுவ இயலவில்லை.

இதனால் நாட்டின் பிளவுக்கு முழுப் பொறுப்பையும் பாதிரிமார்மீது சுமத்துதல் நேர்மையாகாது. கரேனியரைத் தம் படையிற் சேர்த்துப் பர்மியருக்கு எதிராக நிறுத்தியது ஆங்கில ஆட்சி. 1961-இல் பௌத்தத்தை அரசுச் சமயமாக்கிக் கச்சின் மக்களின் மனத்தைப் புண்படுத்தியது விடுதலை பெற்ற அரசு. அயல்நாட்டுப் பாதிரிமார் 1966-இல் வெளியேற்றப்பட்ட பின்னும் சபை அழியவில்லை. இன்றும் அந்நாட்டுக் கிறித்துவருள் பாப்டிஸ்டுகளே பெரும்பிரிவினர். அது வெளியாரின் சூழ்ச்சி மட்டுமேயாயின், அவர்களோடு மறைந்திருக்கும்.

எழுத்தில்லாத மொழிக்கு எழுத்தளித்தது அழியாத அறம். ஆனால், அவ்வெழுத்தை முதலிற் கற்றவர், கற்காத தம் இனத்தாருக்கும் தாமே வாய் என்று கொண்டது பெரும்பிழை. பாப்டிஸ்ட் சபையாரின் பர்மியப் பணியை எடைபோடுவோர் இவ்விரண்டையும் ஒருசேர நிறுத்தே தீர்ப்புக் கூற வேண்டும்.