கொழுக்கி இல்லாத சங்கிலி வன்னிக்குப் பொருந்துமா?

பெரும்போகம் தொடங்கும் ஒக்டோபரில் விதைநெல்லுக்கும் உழவுக்கும் உரத்துக்கும் ஒன்றாகக் காசு தேவைப்படும். அந்த நாட்களில் கிளிநொச்சியில் ஒரு வங்கியின் அடகுக் கருமபீடத்தில் நின்று பார்த்தால் ஒரு காட்சி திரும்பத் திரும்பத் தெரியும். வரிசையில் வந்த பெண் இரண்டு கைகளையும் கழுத்தின் பின்னால் கொண்டுபோகிறார். விரல் நுனியால் கொழுக்கியைத் தேடிக் கழற்றி, சங்கிலியை உள்ளங்கையில் சுருட்டி நீட்டுகிறார். அலுவலர் அதை உரைகல்லில் தேய்த்து, அமிலத்துளி விட்டு, நிறுத்துப் பார்க்கிறார். மாசி, பங்குனியில் அறுவடை முடிந்ததும் அதே சங்கிலி மீட்கப்பட்டு அதே கழுத்துக்குத் திரும்புகிறது.

அந்தக் கொழுக்கியே வேண்டாம் என்கிறது ‘நிரந்தர நகை’ என்னும் புதுப் பழக்கம். நியூயோர்க்கின் புரூக்ளினில் உள்ள கேட்பேர்ட் என்ற நகைக்கடை 2017இல் இதைப் பரவலாக்கியது. பின்னர் லண்டன், ரொறொன்ரோ என்று நம் உறவுகள் வாழும் நகரங்களுக்கும் இது வந்துவிட்டது. மணிக்கட்டைச் சுற்றி மெல்லிய சங்கிலியை அளந்து வெட்டுவார்கள். இரு முனைகளையும் ஒரு சிறு வளையத்தில் கோத்து, தோல் சுடாதிருக்க அடியில் தோல்துண்டு ஒன்றை வைப்பார்கள். பிறகு டங்ஸ்டன் ஊசி முனையை அந்த வளையத்தின் வாயில் தொடுவார்கள். ஆர்கன் வாயுவின் பாதுகாப்பில், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஒரு மின்பொறி பாயும். வளையத்தின் வாய் உருகி ஒன்றாகிவிடும்.

இதன் நன்மைகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. சங்கிலி தொலைவதற்குப் பெரும்பாலும் கொழுக்கியே காரணம். வில் வைத்த வட்டக் கொழுக்கியில் வில் தளர்ந்துவிடும். எஸ் வடிவக் கொழுக்கி நாளடைவில் வாய் விரியும். கிணற்றடியில் குளிக்கும்போதோ வயலில் களை பிடுங்கும்போதோ நழுவிய சங்கிலி வீடு திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வரும். பற்றவைத்த சங்கிலிக்கு அந்தப் பலவீனம் இல்லை. கைக்கு அளந்து செய்வதால் தளர்ந்து தொங்குவதுமில்லை.

தங்கத்தின் தரத்திலும் இந்த முறைக்கு ஒரு மேன்மை உண்டு. பத்தர் ஊதுகுழலால் பற்றவைக்கும்போது வெண்காரம் தடவி, நகையை விடக் குறைந்த சூட்டில் உருகும் பொடியைச் சேர்ப்பார். அந்தப் பொடியில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் இணைப்பில் தங்கத்தின் மாற்று குறையும். இதைச் சரிசெய்ய வந்த கட்மியம் கலந்த பொடியோ பட்டறையில் புகையைச் சுவாசிப்பவரின் சுவாசப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுத்தது. மின்பொறி முறையில் வேறு உலோகம் சேராது. நகையின் தங்கமே உருகி இணைகிறது.

கழற்றாமல் அணிவது தமிழருக்குப் புதிதல்ல. பொன்னுருக்கல் அன்று மாப்பிள்ளை வீட்டில் உருக்கிய பொன்னில் தாலி செய்து, அதைப் பவுண் கணக்கில் கனத்த கொடியில் கோத்து, மணவறையில் பூட்டுகிறோம். அந்தக் கொடியைக் கழற்றக் கூடாது என்பது நம்பிக்கை. ஆனாலும் கொடிக்கு ஒரு பூட்டு வைத்தே செய்தார்கள். உறுதியை மனத்துக்கு விட்டார்கள். உலோகத்தில் வழி அடைக்கவில்லை. 1969இல் கார்ட்டியேவுக்காக அல்டோ சிபுல்லோ வடிவமைத்த ‘லவ்’ காப்பிலும் இதே எண்ணம் இருந்தது. திருப்புளியால் மட்டுமே கழற்றலாம் என்றாலும், கழற்றலாம்.

வன்னியில் பூட்டின் அவசியம் இன்னும் பெரிது. இங்கே நகை அலங்காரம் மட்டுமல்ல, வீட்டின் அவசரக் கையிருப்பு. 22 கரட் பவுண் ஒன்றின் விலை 2025 ஒக்டோபரில் 3 இலட்சம் ரூபாயைத் தாண்டியது. நிரந்தர நகைகளில் பல 14 கரட்; நூறு பங்கில் 58 பங்கு சொச்சமே தங்கம். 22 கரட்டில் அது ஏறத்தாழ 92 பங்கு. வெளிநாட்டில் போட்டுவந்த இழை போன்ற சங்கிலிக்கு அடகுக் கருமபீடத்தில் பெறுமதி மிகச் சிறிது. அந்தச் சிறிதைப் பெறவும் அதை வெட்ட வேண்டும். வெட்டுவது எளிது, நல்ல கத்தரிக்கோல் போதும். திரும்பப் பொருத்த மின்பொறி இயந்திரம் உள்ள கடையைத் தேட வேண்டும். கொழுக்கி உடைந்தாலோ ஊர்ப் பத்தரே மாற்றித் தருவார்.

வேலையும் உடம்பும் வேறு கணக்குச் சொல்கின்றன. முகமாலையில் ஹலோ ட்ரஸ்ட் போன்ற நிறுவனங்களில் பெண்கள் முழங்காலிட்டுக் கண்ணிவெடி அகற்றுகிறார்கள். உலோகத்தைத் தேடும் கருவியைப் பிடித்த கையில் காப்போ மோதிரமோ இருந்தால் கருவி பிழையாக ஒலிக்கும். தையல் ஆலையில் ஊசிக்கும் பட்டிக்கும் அருகே அசையும் கையில் சங்கிலி மாட்டினால் கை போகும். சத்திரசிகிச்சைக்கு முன்பு நகையைக் கழற்றச் சொல்வது மின்கத்தியின் சூடு பட்டுத் தோல் சுடாதிருக்கவும், கை வீங்கினால் இறுகாதிருக்கவும்தான். கர்ப்பிணியின் கையும் காலும் கடைசி மாதங்களில் வீங்கும். குழந்தையின் காப்பை வாய் திறந்தபடி செய்து, கை வளர வளர விரித்துக்கொள்ளும் வழக்கத்தில் நம் பத்தர்களின் அறிவு தெரிகிறது.

போரின் நினைவு மட்டும் இரண்டு பக்கமும் பேசுகிறது. 2009இன் முதல் மாதங்களில் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து அரிசி வாங்கியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அன்று அந்தக் கொழுக்கி உயிர் காத்தது. அதேவேளை, கழற்றிய நகை கைவிட்டும் போகும். விடுதலைப் புலிகள் நடத்திய தமிழீழ வைப்பகத்தில் அடகு வைத்த நகைகள் போர் முடிந்தபோது இராணுவத்தின் கைக்குப் போயின. 2014 ஒக்டோபரில் கிளிநொச்சியில் ஒரு பகுதி உரியவர்களிடம் கொடுக்கப்பட்டது. வடக்கு கிழக்கில் போர்க்காலத்தில் மீட்கப்பட்ட நகைகளை இராணுவம் பொலிஸாரிடம் ஒப்படைக்கத் தொடங்கியதோ 2025 மே மாதத்தில், போர் முடிந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு. இந்த இழப்பைக் கண்டவர்கள் கழற்றவே முடியாத நகையை விரும்பினால் அதில் நியாயம் உண்டு. ஆயினும் அன்றைய இழப்புக்குக் காரணம் கொழுக்கி அல்ல. பொறுப்பேற்றவர்கள் திருப்பிக் கொடுக்காததுதான்.

ஆகவே தீர்ப்பு இதுதான்: தோழிகளோ சகோதரிகளோ நினைவுக்காகக் கையில் ஓர் இழையைப் பற்றவைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் குடும்பத்தின் சேமிப்பாக நிற்கும் சங்கிலிக்கும் கொடிக்கும் காப்புக்கும் கொழுக்கியோ பூட்டோ இருந்தே ஆக வேண்டும். புதிய முறையில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது மின்பொறி இயந்திரத்தை. அது வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பட்டறைகளுக்கு வந்தால் பத்தர்களின் சுவாசப்பையும் தப்பும், தங்கத்தின் மாற்றும் தப்பும். அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கொழுக்கியைச் சங்கிலியோடு இணைக்கும் சிறு வளையத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெறுமனே அழுத்தி மூடிய வளையமாக இருந்தால் அதன் வாயில் மயிரிழை அளவு இடைவெளி தெரியும். பத்தரிடம் கொடுத்து அந்த வாயை மட்டும் பற்றவைத்து வாங்குங்கள்.