‘ஊர்’ என்பதற்குள் யார் யார்?

சிவகங்கைப் பக்கம் கோடை முற்றி, கண்மாய்த் தண்ணீர் முழங்காலளவுக்கு இறங்கும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். விடியுமுன்பே சுற்றுவட்டாரத்துச் சனம் கரையில் கூடிவிடும். கையில் ஊத்தா, கச்சா, வலை. எதுவும் இல்லாதவர்கள் பழைய கொசுவலையோடு வந்து நிற்பார்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவர் காலும் தண்ணீரில் படாது. வீசியதும் கண்மாயே சேறாகக் கலங்கும். அன்று பிடித்த மீன் வீட்டுக் குழம்புக்குத்தான். விலைக்கு விற்பது வழக்கமில்லை.

சமூக மூலதனம் என்று அறிஞர்கள் சொல்வதன் பொருளை நான் புரிந்துகொண்டது அந்தக் கரையில்தான். அத்தனை பேரும் ஒரு துண்டுக்குக் கட்டுப்பட்டு நிற்பதைப் பார்த்தபோது நெஞ்சு நிறைந்தது. ஆனால் அதே கரையில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. மடையின் அடைப்புப் பலகை உளுத்துப்போயிருந்தது. வரத்துக்கால் எங்கே இருந்தது என்று கேட்டால், ஒரு வேலியைக் காட்டினார்கள். மீனுக்கு இத்தனை கட்டுப்பாடாக நிற்கும் ஊர், மீனை வளர்த்த தண்ணீருக்கு ஏன் கூடவில்லை? பழைய குடிமராமத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தது இந்தக் கேள்விதான்.

குடிமராமத்தின் பலம் அதன் எளிமையில் இருந்தது. தண்ணீரை அனுபவிப்பவரே கரையையும் காக்க வேண்டும். ஆயக்கட்டில், அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் பரப்பில், எவ்வளவு நிலமோ அதற்கேற்ற ஆள் வேலை. மழைக்கு முன்பே வரத்துக்காலை வெட்டிவிடுவார்கள், கரையில் நண்டும் எலியும் போட்ட பொந்துகளை அடைப்பார்கள், உள்வாயில் படிந்த வண்டலை அள்ளித் தம் வயலில் கொட்டுவார்கள். கண்மாய் ஆழமாகும், வயலும் கொழுக்கும். ஒரே வேலையில் இரண்டு பலன் என்பதால் யாரும் யாரையும் விரட்ட வேண்டியிருக்கவில்லை.

இந்த ஏற்பாட்டின் நடுநாயகம் நீர்க்கட்டி. மழை இரவில் கரையில் நடந்து கசிவு பார்ப்பவர் அவர்தான். எந்த மடையை எத்தனை சாண் திறப்பது, யார் வயலுக்கு எந்தச் சாமம் தண்ணீர் என்பதெல்லாம் அவர் கணக்கு. தண்ணீர் குறைந்த ஆண்டில், எவ்வளவு பெரிய நிலக்காரரும் தாமாகப் போய் மடையைத் தொட முடியாது. களத்தில் நெல்லாகக் கூலி வாங்கிய இந்த மனிதர் பல ஊர்களில் தலித். ஆயக்கட்டில் தமக்கென்று நிலமில்லாதவர். நிலம் இல்லாததால் பாரபட்சம் பார்க்க மாட்டார் என்று ஊர் அவரை நம்பியது. எனக்கு மிகவும் உறுத்துவது இந்த இடம்தான். அவருடைய நேர்மைக்கு அடித்தளமாக ஊர் வைத்திருந்தது அவருடைய இல்லாமையை. தண்ணீரைப் பங்கிடும் கைக்கு அந்தத் தண்ணீரில் பங்கில்லை. மானுடவியலாளர் டேவிட் மோஸ் தென்தமிழகக் கண்மாய்களைப் பற்றி 2003இல் வெளியிட்ட நூல், இந்தப் பாசன ஒழுங்கு சாதி அதிகாரத்தோடும் மரியாதை முறைகளோடும் பின்னிக் கிடந்ததை விரிவாகக் காட்டுகிறது. குடிமராமத்தைப் பொற்காலமாகவே பேசுகிறவர்கள் அந்த நூலைப் படிக்க வேண்டும்.

இன்னும் பின்னால் போனால் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஏரி வாரியம் இருந்தது. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. இந்த ஒரு விதி இன்றைக்கும் நம் ஊராட்சிகளுக்குத் தேவை என்று மனமாரச் சொல்வேன். ஆனால் அதே கல்வெட்டு, கால் வேலிக்கு மேல் இறைகட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் இருந்தால்தான் பெயர் குடத்தில் விழும் என்கிறது. கணக்குக் கேட்கும் உரிமை நிலத்தோடு கட்டப்பட்டிருந்தது. இந்தக் கட்டு அவிழவேயில்லை என்பதுதான் என் வாதம்.

ஆங்கிலேயர் ஆட்சி 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து, ஊர் தானாகச் செய்த வேலையைத் தண்டனை பயத்தில் செய்ய வைக்கப் பார்த்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. கரையில் உடைப்பு எடுத்தால் மண்வெட்டியோடு ஓடிய ஊர், மனுவோடு அலுவலகத்துக்கு நடக்கத் தொடங்கியது.

2017 மார்ச்சில் அரசு குடிமராமத்தைப் பெயரோடு மீட்டது. முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். பாசனதாரர்கள் 10 விழுக்காட்டை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்பது விதி. ஒப்பந்தக்காரரை நம்பாமல் விவசாயிகளின் கையிலேயே வேலையைக் கொடுத்த நோக்கம் நல்லது. பல இடங்களில் தூர்வாரிய கண்மாய்களில் தண்ணீர் நின்றதும் உண்மை. ஆனால் அந்தப் பத்து விழுக்காடு பங்களிப்பு உயிரோடு இருக்க வேண்டுமானால், வேலை முடிந்த பிறகும் கூடிப் பேச ஓர் அமைப்பு வேண்டும். குடிமராமத்து ஆண்டுதோறும் திரும்பி வரும் கடமை. அதைத் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு பணியாக்கியபோது, பணத்தோடு பழக்கமும் தீர்ந்துவிட்டது.

ஊர் ஒற்றுமையாக இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களுக்குப் பாப்பாபட்டியை நினைவூட்ட வேண்டும். 1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்தாண்டுகள் அங்கே முறையான தலைவர் இல்லை. வேட்புமனு தாக்கல் ஆகவில்லை, அல்லது வென்றவர் உடனே விலக வைக்கப்பட்டார். 2006இல்தான் தேர்தல் ஒழுங்காக நடந்தது. அந்தப் பத்தாண்டும் அங்கே ஆதிக்கச் சாதியினரிடம் கட்டுப்பாட்டுக்குக் குறைவே இல்லை. அதே காலத்தில் மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். துண்டு வீசினால் இறங்கும் அதே கட்டுப்பாடு, ஒரு மனிதரை நாற்காலியில் உட்காரவிடாமல் தடுக்கவும் பயன்படும். நம் பேச்சில் ‘ஊர்’ ஒரு பக்கம், ‘காலனி’ இன்னொரு பக்கம் என்றே இருப்பதால், ஊர் ஒற்றுமை என்ற சொல்லைக் கேட்டதும் யாரை விட்டுவிட்டு என்று நான் கேட்கப் பழகிவிட்டேன்.

இந்தக் கட்டை அவிழ்க்கக்கூடிய ஒரே இடமாக நான் காண்பது கிராம சபையை. ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினர். பட்டா கேட்பதில்லை, சாதி கேட்பதில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் அது கூட வேண்டும். அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஆனால் ஏரியின் நிர்வாகம் சபையின் கையில் இல்லை. தேர்தலே நடக்காமல் 2016 முதல் மூன்றாண்டுகளுக்கு மேல் ஊராட்சிகள் தனி அலுவலர்களிடம் இருந்தன. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் மறுபடி அதே நிலை. மறுபக்கம், 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் ஆயக்கட்டில் நிலம் உள்ளவர்களுக்கானவை. ஆயிரம் ஆண்டு கடந்தும் கால் வேலி விதி வேறு உருவில் நிற்கிறது.

இன்று கண்மாயில் மண் அள்ளுவது யார் என்று போய்ப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள். பெரும்பாலும் நிலமில்லாதவர்கள். போன கோடையில் ஒரு கண்மாய்க் கரையில் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். கருவேல நிழலில் தூக்குவாளியைத் திறந்து நீராகாரம் குடித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், சங்கக் கூட்டத்துக்குப் போவீர்களா என்று கேட்டேன்.

“அது நெலமுள்ளவுக கூட்டமுய்யா. மண்ணு சொமக்குறது நாங்க. மடையைத் தொறக்கையில எங்ககிட்ட யாரு கேக்குறா? ஆடு மாடு குடிக்க அடித்தண்ணி கொஞ்சம் விட்டுவைங்கன்னு சொல்லணும். அதை எங்கிட்டுப் போயிச் சொல்ல?”

வாளியை மூடி வைத்துவிட்டு, சும்மாட்டைச் சரிசெய்துகொண்டு, மண் சட்டியைத் தலைக்கு ஏற்றினார்.