குற்றம் கைமாறிய கதை

ஏரியல் சலவைத் தூளுக்காக 2016-ல் வந்த விளம்பரப் படத்தில், தன் வீட்டில் ஒருநாளும் கைகொடுக்காததற்காக மகளிடம் கடிதத்தில் மன்னிப்புக் கேட்பவர் தந்தை. 2019-ல் வந்த படத்தில் தந்தை பேச்சிலேயே இல்லை. வீட்டுவேலை தாங்காமல் வேலையை விடப்போவதாக மகள் தொலைபேசியில் சொல்ல, மகனுக்கு எதையும் பழக்கவில்லையே என்று தாய்தான் உறுத்தலுக்கு ஆளாகிறாள். அவனுக்குத் துவைக்கக் கற்றுத்தருகிறாள். மூன்றே ஆண்டில் குற்றம் கைமாறிவிட்டது. துவைப்பதோடு, துவைக்கக் கற்பிப்பதும் அவள் தலையில்.

தொரப்பள்ளிப் பக்கம், ஓசூர் ஆலைகளுக்கு ஷிப்ட் போகும் பெண்கள் முதல்நாள் இரவே துணியை ஊறவைத்துவிடுகிறார்கள். காலரைத் தேய்ப்பது, சாயம் போகிற துணியைப் பிரிப்பது எல்லாம் பையனுக்குப் பத்து நாளில் வந்துவிடும். கொடியில் துணி கிடக்கிறது, வானம் கறுக்கிறது என்ற நினைப்பு அப்படி வராது. இயந்திரத்தின் பொத்தானோடு பாடத்தை முடிக்கும் விளம்பரம், அந்த நினைப்பை அம்மாவிடமே விட்டுவைக்கிறது. தன் சட்டையைத் துவைத்துவிட்டு ‘அம்மாவுக்கு உதவினேன்’ என்று பையன் சொல்வதும் அதனால்தான்.

பையன்களுக்குக் காட்ட நான் தேர்ந்தெடுப்பது பழைய படத்தைத்தான். அதில் தந்தை ஊர் திரும்பியதும் பயணப் பெட்டியைத் திறந்து, தன் துணிகளைத் தானே துவைக்க எடுத்துப்போகிறார். மனைவி திகைத்துப் பார்க்கிறாள்.