கை நீட்டுறது, அவ்ளோதான்

பெரியம்மாவிடம் ஒருமுறை கேட்டேன், "பெரியப்பா உங்கள அடிச்சிருக்காரா?"

"சேச்சே, அடிக்கிறதெல்லாம் இல்லடி. கோவம் வந்தா கை நீட்டுவாரு, அவ்ளோதான்."

அந்த 'அவ்ளோதான்' என்னை விடவே இல்லை. தேசிய குடும்ப நல ஆய்வின் கேள்வித்தாளைத் தேடிப் படித்ததே அதனால்தான்.

அதை எழுதியவர்களுக்கு என் பெரியம்மாவைத் தெரிந்திருக்கிறது. 'வன்முறைக்கு ஆளானீர்களா' என்று அது கேட்பதில்லை. தள்ளினாரா, அறைந்தாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா, உதைத்தாரா என்று ஒவ்வொரு செயலாகக் கேட்கிறது. நடந்ததைச் சொன்னால் போதும், பெயர் வைக்க வேண்டாம். 2019-21 ஆய்வில், மணமான பெண்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கணவரிடம் அறை வாங்கியிருக்கிறார் என்பது இப்படித்தான் தெரியவந்தது. பெரியம்மாவும் இதற்கு 'ஆமா' என்றுதான் சொல்லியிருப்பார்.

என் புகார் இதற்குப் பிறகுதான். தோழிகளைப் பார்க்க விடாதது, எங்கே போனாலும் கணக்குக் கேட்பது, காசை நம்பிக் கொடுக்காதது இவற்றையும் ஆய்வு கேட்கிறது. ஆனால் கணவரின் கட்டுப்பாடு என்று தனி அட்டவணையில் வைத்துவிடுகிறது. வன்முறைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டமோ பொருளாதாரக் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. சட்டம் ஓரிடத்தில் கோடு போடுகிறது, ஆய்வு வேறிடத்தில். பெரியம்மா எங்கே போடுகிறார் என்று இருவருமே கேட்கவில்லை.

கேட்டவர் லிஸ் கெல்லி. பிரிட்டனில் 60 பெண்களிடம் நீண்ட நேர்காணல்கள் எடுத்து, 1988இல் 'சர்வைவிங் செக்ஷுவல் வயலன்ஸ்' நூலை எழுதினார். பேசியதை எழுத்தாக்கி அந்தப் பெண்களிடமே கொடுத்தார், பலரை மறுபடியும் சந்தித்தார். அன்று ஒன்றுமில்லை என்று ஒதுக்கியதற்குப் பல வருஷம் கழித்து ஒரு பெண் வேறு பெயர் வைக்கலாம் என்பதை அவர் ஆய்வின் பிழையாகப் பார்க்கவில்லை. அதையே ஆய்வின் பொருளாக்கினார். ஒரே ஒரு தடவை கதவைத் தட்டிவிட்டுப் போகும் கணக்கெடுப்பால் இது முடியாது. எண்ணிக்கை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, அது இல்லாமல் அரசாங்கம் அசையாது. ஆனால் அடிகளை எண்ணி முடித்ததும் பெண்ணைப் புரிந்துகொண்டாயிற்று என்று நினைப்பதுதான் தப்பு.

போன மாசம் கேள்வியை மாற்றிக் கேட்டேன். "கை நீட்டினப்புறம் நீங்க என்ன பண்ணுவீங்க, பெரியம்மா?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார், "அன்னிக்கி ராத்திரி மட்டும் வாசக்கதவுப் பக்கமா படுத்துக்குவேன். தாப்பாள் போட மாட்டேன்."

அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. நான்தான் தப்பாகக் கேட்டிருக்கிறேன்.